முக்கால் நிமிஷம் பின்னால்

இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது, இன்னும் நாற்பத்தைந்து நிமிஷம்தான், நாற்பத்தைந்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று எபநேசர் தனக்குள் சொல்லிக்கொண்டார், சொன்ன மாத்திரத்தில் அந்தக் கேள்வியே அவருக்குப் பிடிக்காமல் போயிற்று, ஏனென்றால் என்ன ஆகலாம் என்பது அவருக்குத் தெரியும், இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சுவரில் தொங்கிய டிவியில் பச்சைப் புல்லும் மஞ்சள் சட்டைகளும் தெரிந்தன. மலையாளத்தில் ஒரு ஆள் மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தான். மஞ்சள் சட்டையில் இருபத்தேழாம் நம்பர், இடது ஓரம், கிளாட்வின். எபநேசரின் பிள்ளை இல்லை, ஆனால் ஒன்பது வயதில் செருப்பில்லாமல் வந்து நின்றதிலிருந்து அவர் கையில் வளர்ந்த பிள்ளை. பக்கத்தில் பந்து மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்து அத்தோ நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவன் அவன் தம்பி ஜோவின், பதினைந்து நடக்கிறது, அதே மூக்கு, அதே காது, அதே நெற்றி, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அவர்களைப் பெற்றவளே தடுமாறுவாள். இந்த அறை ஒரு காலத்தில் மாநகராட்சியின் மோட்டார் ரூம். தகரக் கூரை. மார்ச் மாத மூன்றரை மணி வெயில் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன பிறகு இதுதான் வியாசர்பாடி புளூ லாம்ப் எஃப்.சி.யின் தலைமை அலுவலகம், கிடங்கு, ஓய்வறை, கோயில், எல்லாம். பத்தொன்பது வருஷமாக எபநேசர்தான் செயலாளர். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் ஒழுங்காக வரும்.

டிவியில் ஓடுவது இப்போது நடப்பது இல்லை என்பதை நினைத்தால் அவருக்கு என்னவோ செய்தது. நேரலை என்றுதான் போட்டிருந்தார்கள், ஆனால் அங்கே மைதானத்தில் நடப்பது இங்கே வந்து சேர முக்கால் நிமிஷம் ஆகிறது. முதல் பாதியில்தான் அது தெரிந்தது. பிள்ளைகளின் அம்மா புஷ்பம், அட்டைப்பெட்டி கம்பெனியில் பசை தடவுகிறவள், மகன் முதல்முறையாக ஆரம்பத்திலிருந்தே இறங்குகிறான் என்று கேட்டதும் ரெண்டு நாள் லீவு சொல்லிவிட்டு ரயிலேறிக் கேரளத்துக்கே போய்விட்டாள். அவள் போன் வந்தது. எடுத்தால், "எபிணா, கோலு! கோலு! எம்புள்ள குடுத்த பந்துணா!" என்று ஒரே அலறல். இங்கே டிவியில் அப்போதுதான் நடுவர் ஒரு ஃப்ரீ கிக்குக்குச் சுவர் நிற்க வைத்து, கோடு கிழித்துக்கொண்டிருந்தார். ஜோவின் தலையில் அடித்துக்கொண்டான், "போச்சுடா, அம்மா கெடுத்துடுச்சி." பிறகு எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. பந்து கிளாட்வின் காலுக்கு வந்தது, அவன் தூக்கிக் கொடுத்தான், எவனோ நெட்டையன் தலையால் முட்டினான். நடந்து முடிந்ததை உட்கார்ந்து பார்ப்பது. அவன் ஓடுகிறான் என்று நாம் பார்க்கும்போது அவன் ஓடி முடித்திருப்பான். அவன் நின்றுகொண்டிருக்கிறான் என்று நாம் பார்க்கும்போது, வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று எபநேசர் மனத்தைப் பிடித்து இழுத்தார். அது இழுத்த பக்கம் வருகிற மனமாக இல்லை.

ஒரு ரூபாய் எடுக்கவில்லை. இதை அவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லிக்கொள்கிறார் என்று கணக்கு வைத்தால் சிரிப்பு வரும். கேட்காதவர்களிடம் கூடச் சொல்கிறார், பால்காரனிடம் சொல்லியிருக்கிறார், ஒரு ரூபாய் நான் தொடலப்பா. கிளாட்வினைக் கொடுக்கக் கிளப்புக்கு மூன்றரை லட்சம் பேசியது. ஏறநாடு யுனைடெட் ஒன்றும் பெரிய கிளப் இல்லை, மேலே ஏறத் தவிக்கிற இரண்டாம் தட்டுக் கிளப், அவர்களுக்கே மூச்சு வாங்குகிறது. பாதிப் பணம் கையெழுத்துப் போடும்போது, மீதி, பையன் ஆறு ஆட்டத்தில் இறங்கின பிறகு. முதல் பாதிப் பணம் வந்த அன்றே போய்விட்டது: கால்பந்துச் சங்கத்துக்கு இரண்டு வருஷ பாக்கிச் சந்தா, அபராதம், நடுவர் கூலி. கட்டாமல் விட்டிருந்தால் பிப்ரவரியில் பெயரை அடித்துவிட்டிருப்பார்கள். பெயரை அடித்தால் லீக் இல்லை, லீக் இல்லாத கிளப்புக்கு மைதானத்தில் நேரம் இல்லை, நாற்பது பிள்ளைகள் சாயங்காலம் எங்கே போய் நிற்பார்கள் என்று இந்த வட்டாரத்தில் கேட்கவே வேண்டாம், நிறுத்திக்கொள்வதற்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். நாற்பது பேருக்காக ஒருத்தன் என்று அன்றைக்கு யோசித்தாரா? அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. அப்படி யோசிக்கிற ஆள் இல்லை எபநேசர். சாயங்காலம் ஐந்து மணிக்கு டிரான்ஸ்ஃபர் மூடுகிறது, காகிதம் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான் அன்றைக்கு மண்டைக்குள் இருந்தது. அதற்கப்புறம் ஐந்து ஆட்டம். ஐந்திலும் கடைசிப் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் இறக்கினார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவர் எழுந்துபோய்ப் பானைத் தண்ணீரை இரண்டு சொம்பு குடித்தார், பார்த்தாயா, ஒன்றுமில்லை, அந்த லேப் பையனுக்கு என்ன தெரியும் என்றார். ஆனால் இன்றைக்கு முழு ஆட்டம். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. நேற்றுக் காலையில் வாட்ஸாப் குழுவில் பெயர்ப் பட்டியல் வந்தபோது ஊரே கைதட்டுகிற பொம்மை அனுப்பியது, அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

டிசம்பரில் நடந்தது அது. காலை ஏழு மணிப் பயிற்சி, குளிர்கூட இருந்தது. ஓரக்கோட்டில் ஓடி ஓடித் திரும்பச் சொல்லியிருந்தார், பன்னிரண்டு தடவை. ஒன்பதாவதில் கிளாட்வின் பாதியில் நின்றான். நின்று, ஒரு முழங்காலை மடித்துக் குனிந்து, ஷூ லேஸில் கை வைத்தான். எபநேசருக்கு எரிச்சல். "லேஸ் கட்ற நேரமாடா இது, ஓடுடா!" என்று இங்கிருந்து கத்தினார். அவன் தலையைத் தூக்கவில்லை. அப்படியே மெதுவாக, தூக்கம் வந்த குழந்தை சாய்கிற மாதிரி, ஒரு பக்கமாகச் சாய்ந்தான். லேஸ் கட்டியபடியேதான் இருந்தது. அதைப் பிறகு பார்த்தார். ஓடிப்போய்க் கன்னத்தில் தட்டியபோது கண் மேலே சொருகியிருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும், அவருக்கு ஒரு வருஷம். அப்புறம் விழித்து, சிரித்து, "காத்தால துன்னலணா, அதான்" என்றான். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். எல்லோரும் பசி மயக்கம் என்றார்கள், அவரும் பசி மயக்கம் என்றார், அம்மாவிடம் சொல்லாதே என்று அவன் கெஞ்சினான், சொல்லவில்லை. ஜனவரியில் ஏறநாட்டுக்காரர்கள் வந்து பார்த்து, பையன் பிடித்துப்போய், மருத்துவச் சோதனைக் காகிதங்களை உங்கள் செலவிலேயே எடுத்து அனுப்பிவிடுங்கள் என்றார்கள். அழைத்துப்போனார். ஈ.சி.ஜி. எடுத்த லேப் பையன் தாளை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்த்தான். கிளாட்வினை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "சார், டாக்டர் கையெழுத்து போடமாட்டாரு. ஹார்ட் டாக்டர்கிட்ட காட்டுங்க, எக்கோ எடுங்க. அதுவரைக்கும் இவர ஓட விடாதீங்க" என்றான். "ஓடறவன் சார் அவன், ஓட விடாம என்ன பண்றது" என்று எபநேசர் சிரித்தார். லேப் பையன் சிரிக்கவில்லை. அந்தத் தாள் இப்போதும் இருக்கிறது, இதோ இந்த இரும்பு பீரோவில், ரிஜிஸ்ட்ரேஷன் ஃபைலுக்கு அடியில், நாலாக மடித்து. கிழித்துப் போட்டிருக்கலாம். எத்தனையோ தடவை கிழிக்க எடுத்தார், ஒவ்வொரு தடவையும் பிரித்துப் பார்த்து, அந்தக் கோணல் கோடுகளில் ஒன்றும் புரியாமல், திரும்ப மடித்து வைத்தார்.

தம்பியை அனுப்பினார். இதை வெளியாள் கேட்டால் வாயைப் பிளப்பான், எப்படி ஐயா மனசு வந்தது என்பான். மனசெல்லாம் வரவே தேவையிருக்கவில்லை, கை தானாகவே போனது, அதுதான் நடந்தது. வயது வரம்புப் போட்டிகளுக்கு மணிக்கட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள், எலும்பைப் பார்த்து வயதைச் சொல்லிவிடுவார்களாம். வரம்பைத் தாண்டிவிட்ட அண்ணன் ஆடுவான், எக்ஸ்ரேக்கு மட்டும் தம்பி போய்க் கையை நீட்டிவிட்டு வருவான். தம்பி இல்லாதவனுக்குச் சித்தப்பா பையன். இந்த லீக்கில் இதைத் தப்பு என்று யாரும் எடுத்துக்கொண்டதில்லை, மழை பெய்தால் குடை பிடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. எதிர்க் கிளப் செயலாளரே டீக்கடையில் பார்த்தால், "இந்த வருஷம் யாரு கைய்யா, எபி?" என்று கேட்பார். கிளாட்வினுக்குப் பதினைந்து தாண்டியபோதும் ஜோவின்தான் கை கொடுத்தான், ஒரு ஐஸ்கிரீமுக்கு. ஆக, காகிதம் ஒன்று சரியாக வரவில்லை என்றால் தம்பியைக் கூப்பிடு, பத்தொன்பது வருஷமாக அவர் கற்றுவைத்திருந்த வித்தை அது. டிரான்ஸ்ஃபர் மூடுகிற அன்று காலையில் ஜோவினை வேறொரு லேபுக்கு அழைத்துப்போனார். ஆதார் நகலைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், ஒத்துப்போயிற்று. அரை மணியில் தாள் வந்தது, கோடுகள் எல்லாம் ஒரே சீராக, பெயர் கிளாட்வின், எல்லாம் நார்மல். அவனிடம் வயசு விஷயம் என்று சொன்னார், அண்ணனிடமும் வயசு விஷயம் என்று சொன்னார், இரண்டு பேரும் தலையாட்டினார்கள், எபிணா சொன்னால் ஆட்டாத தலை இந்த மைதானத்தில் இல்லை. கைதான் என்று நினைத்துவிட்டார். இன்னொருவன் கையைக் காட்டினால் ஒரு கோப்பை தப்பு ஆளுக்குப் போகும், அவ்வளவுதான் நஷ்டம். இது கை இல்லையே என்று அவருக்கு உறைக்க ஒரு வாரம் பிடித்தது, அதற்குள் பையன் ரயிலேறியிருந்தான். ஈஸ்டருக்கு வருவான், வந்ததும் நல்ல டாக்டரிடம் காட்டிவிடலாம், மீதிப் பணம் வந்திருக்கும், எக்கோ என்ன, எது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஈஸ்டருக்கு இன்னும் பதினாறு நாள்.

"எபிணா, ஒண்ணு கேக்கட்டா?" என்றான் ஜோவின், கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல். கேளு என்றார். "அன்னிக்கி அந்த டெஸ்ட்டுக்கு நான் எதுக்குணா போனேன்? சீனியர் டீமுக்கு வயசே பாக்கமாட்டாங்களாமே, கோச்சு சொன்னாரு." எபநேசர் பீரோ பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "பழைய பேப்பர்ல வயசு ஒரு மாதிரி இருந்திச்சில்ல, ரெண்டும் ஒத்துப்போவணும்ல" என்றார். "கையே எடுக்கலியேணா. நெஞ்சுலதான ஒட்டினாங்க. ஜில்லுனு இருந்திச்சி." இப்பல்லாம் அப்படித்தான் பாக்குறாங்க, மேட்ச்சப் பாரு என்றார். அவன் பார்த்தான். வாயில் அத்தோவை வைத்துக்கொண்டே சிரித்தான். "அந்த நர்ஸ் அக்கா இன்னா சொல்லிச்சி தெரியுமா, கிளாட்வின், உனக்கு சூப்பர் ஹார்ட்டு, நூறு வருஷம் ஓடும்னிச்சி. எனக்கு சிரிப்ப அடக்க முடில." அவன் தொண்டையில் ஒரு நரம்பு துடிப்பது எபநேசருக்குத் தெரிந்தது, சீராக, டக் டக் டக் என்று, அந்தத் தாளில் பார்த்த மாதிரியே. அந்தத் துடிப்பைத்தான் எடுத்து அண்ணன் பெயரில் அனுப்பினார். இவன் இங்கே உட்கார்ந்து பொட்டலம் தின்கிறான், அவன் அங்கே வெயிலில் ஓடுகிறான். அவருக்கு அழுகை வந்தது, நிஜமாகவே வந்தது, மூக்கைச் சிந்துகிற சாக்கில் துடைத்துக்கொண்டார்.

அறுபதாவது நிமிஷம். இருபத்தேழாம் நம்பர் இடுப்பில் கை வைத்து நின்றான். எல்லோரும்தான் நிற்கிறார்கள், வெயில் அப்படி, ஆனால் எபநேசர் எல்லோரையும் பார்க்கவில்லை. அப்போதுதான் ஒன்று பளிச்சென்று தோன்றியது. ஆறாவது ஆட்டத்தில் அவன் இறங்கியாயிற்று. ஆட்டம் தொடங்கி விசில் ஊதிய நிமிஷமே மீதிப் பணம் உறுதியாகிவிட்டது. இனி அவன் ஓட வேண்டியதே இல்லை. கிளப்புக்காக, நாற்பது பேருக்காக, சந்தாவுக்காக, எதற்காகவும் ஓட வேண்டியதில்லை. இது ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை? போனை எடுத்தார். ஏறநாட்டு மேனேஜர் ஷாஜஹான், நல்ல மனுஷன், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பையன் போட்டோ அனுப்புகிறவர். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டினார்: பையனுக்கு உடம்பு சரியில்லை, உடனே வெளியே எடுங்கள். அனுப்பினார். ஒரு டிக் விழுந்தது. ஆட்ட நேரத்தில் போனை அணைத்துப் பையில் போட்டிருப்பார்கள். இருந்தாலும் அனுப்பியாயிற்று, நெஞ்சில் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் வேறொரு பாரம் ஏறியது. என்ன உடம்பு என்று கேட்பார்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அப்படியானால் நீங்கள் அனுப்பிய காகிதம் என்ன என்று கேட்பார்கள். சங்கத்துக்கு எழுதுவார்கள், புளூ லாம்பைத் தூக்கி எறிவார்கள், போலீஸ் வரும், புஷ்பம் இந்த வாசலில் வந்து நிற்பாள். அவள் திட்டமாட்டாள், சும்மா நிற்பாள். ஒரு டிக். டிவியில் கிளாட்வின் பந்தை வாங்கி இரண்டு பேரைத் தாண்டினான், அரங்கு எழுந்தது, ஜோவின் எழுந்தான். ஒரு டிக். பாருங்கள், எவ்வளவு நன்றாக ஓடுகிறான். நோயாளி ஓடுகிற ஓட்டமா அது? எழுபதாவது நிமிஷம் ஓர ஓட்டம் ஓடி ஒரு கார்னர் வாங்கிக் கொடுத்தான். எழுபத்து மூன்றில் தண்ணீர் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான், காமிரா கிட்டத்தில் காட்டியது, அன்றைக்குக் குளுக்கோஸ் குடித்துவிட்டுச் சிரித்த அதே சிரிப்பு. இன்னும் பதினேழு நிமிஷம். ஒரு டிக். எழுபத்தைந்தில் எபநேசர் அந்தச் செய்தியின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார், எல்லோருக்கும் அழி என்று வந்தது, அழித்துவிட்டார்.

எழுபத்தெட்டில் போன் அடித்தது. புஷ்பம். ஜோவின் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "எடுக்காதணா! கோலுணா, கோலு போட்டிருப்பான், அம்மா மறுபடியும் கெடுத்துடும். பாத்துட்டு எடுக்கலாம்!" கோல்தான், ஆமாம், கோலாகத்தான் இருக்கும், முன்னேயும் இப்படித்தானே கூப்பிட்டாள், கோலுக்குத்தானே கூப்பிட்டாள். கர்த்தரே, கோலாக இருக்கட்டும் என்றார் எபநேசர், வாய்விட்டே சொன்னார். போன் உள்ளங்கையில் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. உடனே திரும்ப அடித்தது. டிவியில் எதிரணிக் கோல் கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் கடத்திக்கொண்டிருந்தான். வர்ணனைக்காரன் எதற்கோ சிரித்தான். பந்து நடுக்கோட்டுக்கு வந்தது, யார் யாரோ தொட்டார்கள், இடது ஓரத்துக்குப் போனது, இருபத்தேழு கிளம்பினான். "வந்துட்டான், வந்துட்டான்," என்று ஜோவின் குதித்தான், "இதாணா, இதுதான் கோலு!" எவ்வளவு அழகாக ஓடினான். முதுகு நிமிர்ந்து, தலை தூக்கி, எபநேசர் சொல்லிக்கொடுத்த மாதிரியே. ஒருத்தனைத் தாண்டினான். பந்தை முன்னால் தள்ளினான். பந்து போய்க்கொண்டே இருந்தது, அவன் போகவில்லை. நின்றான். ஒரு முழங்காலை மடித்துக் குனிந்து ஷூ லேஸில் கை வைத்தான். போன் மூன்றாவது தடவை அடித்தது.

"லேஸ் கட்ற நேரமாடா இது!" என்று ஜோவின் சிரித்துக்கொண்டே டிவியைப் பார்த்துக் கத்தினான், "ஓடுடா!"

எபநேசர் எழுந்தார். ரிமோட் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, தேட நேரமும் இல்லை. இரண்டே எட்டில் போய் டிவிக்கு முன்னால், பையனைப் பார்த்தபடி, இரண்டு கையையும் அகல விரித்து நின்றுகொண்டார். கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. முதுகுக்குப் பின்னால் மலையாளக்காரன் பேச்சைப் பாதியில் நிறுத்தினான்.

"நவுருணா," என்றான் ஜோவின், கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு, "மறைக்கிற."